பண்டிகைப் பரிசாக லத்தீனோ எழுத்தாளர்களின் நூல்கள்: எதை, எங்கே வாங்கி, யாருக்குக் கொடுப்பது?

தாமிரபரணி (ஹூஸ்டன்) – நவம்பர் 9

நண்பர்களுக்கு வணக்கம். டிசம்பர் நெருங்கும்போதெல்லாம் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கும் அலுவலகத் தோழர்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் என்ன கொடுப்பது என்ற கேள்வி நம் வீடுகளில் எழுகிறது. பெரும்பாலும் அது ஒரு கடையின் பரிசு அட்டையிலோ இனிப்புப் பெட்டியிலோ முடிந்துவிடுகிறது. மூன்று ஆண்டுகளாக நான் புத்தகங்களை மட்டுமே கொடுத்து வருகிறேன். அவற்றிலும் அமெரிக்காவில் வாழும், லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்த லத்தீனோ எழுத்தாளர்களின் நூல்களையே தேடி வாங்குகிறேன். அதற்கான காரணத்தைச் சொல்லி, உங்கள் பட்டியல்களையும் கேட்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் வாழும் ஹூஸ்டனில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் லத்தீனோ மக்கள். என் மகளின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்பானிய மொழி ஒலிக்கிறது. அப்படியிருந்தும், பத்தாண்டுகளுக்கும் மேலாக இங்கே குடியிருந்த எங்கள் வீட்டு அலமாரியில் அவர்கள் எழுதிய ஒரு நூல்கூட இல்லை என்பதை ஒருநாள் புத்தகங்களைத் தூசு தட்டும்போதுதான் உணர்ந்தேன். அதற்கு வெட்கப்பட்டேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அதன் பிறகே ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஆர்ட்டே புப்ளிக்கோ பிரஸ் என்ற பதிப்பகத்தைப் பற்றி அறிந்தேன். நிக்கோலாஸ் கனெல்லோஸ் 1979-இல் தொடங்கிய பதிப்பகம் அது. சாண்ட்ரா சிஸ்நெரோஸின் ‘தி ஹவுஸ் ஆன் மாங்கோ ஸ்ட்ரீட்’ 1984-இல் முதன்முதலாக அச்சேறியது அங்கேதான். பெரிய நியூயார்க் பதிப்பகம் ஒன்று அதைக் கையிலெடுக்க இன்னும் ஏழு ஆண்டுகள் ஆயின. இன்று அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாக வைக்கப்படும் அந்தச் சிறிய நூலை முதலில் நம்பியது நம் ஊரின் ஒரு சிறு பதிப்பகம். அதே பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இருக்கை அமைய நம்மவர்கள் வீடு வீடாக நிதி திரட்டினார்கள் என்பதை நினைக்கும்போது, அந்தப் பதிப்பகம் எனக்கு அந்நியமானதாகத் தோன்றவில்லை.

நமக்காக வாங்கும் புத்தகம் நம் கையிலேயே தங்கிவிடுகிறது. பரிசாகக் கொடுக்கும் புத்தகமோ, அந்த எழுத்தாளரின் பெயரையே கேள்விப்பட்டிராத ஒருவரிடம் போய்ச் சேருகிறது. அறியப்படாமல் இருப்பதையே பெருந்தடையாகக் கொண்ட எழுத்தாளருக்கு இதைவிட உதவியான விற்பனை வேறில்லை என்று நான் நம்புகிறேன்.

நெய்தல் (நியூ ஜெர்சி) – நவம்பர் 9

தங்கள் நோக்கத்தை மதிக்கிறேன். இருப்பினும் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, தமிழ் வாசகர்கள் மார்க்கேஸையும் போர்ஹேஸையும் மொழிபெயர்ப்பில் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறார்கள். நம் சிற்றிதழ்கள் அவர்களைக் கொண்டாடியிருக்கின்றன. அப்படியிருக்க, லத்தீனோ இலக்கியம் நமக்கு அறிமுகமில்லாதது என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது, எழுத்தாளரின் பிறப்பையும் குடிவழியையும் பார்த்து நூலைத் தேர்ந்தெடுப்பது இலக்கியத்துக்குச் செய்யும் நன்மைதானா? நல்ல நூலைத்தானே பரிசளிக்க வேண்டும்?

ஏட்டுச்சுவடி (கலிபோர்னியா) – நவம்பர் 10

நெய்தல் அவர்களே, நூலகப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்ல முயல்கிறேன்.

மார்க்கேஸ் கொலம்பியர், போர்ஹேஸ் அர்ஜென்டினர். அவர்கள் லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்கள். தாமிரபரணி அம்மையார் பேசுவது, அமெரிக்காவிலேயே பிறந்தோ குடியேறியோ, பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சில வேளைகளில் ஸ்பானியத்திலும், பல வேளைகளில் இரண்டையும் கலந்தும் எழுதும் எழுத்தாளர்களைப் பற்றி. உலகப் புகழ் பெற்ற முன்னவர்களின் நூல்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும். பின்னவர்கள் தங்கள் சொந்த நாட்டின் கடைகளில் இடம் பெறவே போராட வேண்டியிருந்தது.

தொமாஸ் ரிவேராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1935-இல் டெக்சாஸின் கிறிஸ்டல் சிட்டியில், பருவத்துக்குப் பருவம் வடக்கே சென்று அறுவடை செய்யும் கூலிக் குடும்பத்தில் பிறந்தார். 1979-இல் ரிவர்சைடிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். பெரிய பதிப்பகங்கள் மெக்சிகோ வம்சாவளியினரின் எழுத்தைக் கண்டுகொள்ளாத 1960-களில், பெர்க்லியில் சிலர் சேர்ந்து கின்டோ சோல் என்ற பதிப்பகத்தைத் தொடங்கித் தாங்களே ஒரு பரிசையும் நிறுவினார்கள். முதல் பரிசு ரிவேராவுக்கும், அடுத்த பரிசு ருடோல்ஃபோ அனாயாவுக்கும் கிடைத்தன. ரிவேராவின் ‘இ நோ சே லோ திராகோ லா தியெர்ரா’ 1971-இலும், அனாயாவின் ‘பிளெஸ் மீ, உல்டிமா’ 1972-இலும் வெளிவந்தன. தமிழ்ச் சிற்றிதழ்களின் வரலாறு அறிந்தவர்களுக்கு இந்தப் பாதை புதிதன்று.

ரிவேராவின் அந்த நூலில் கிறிஸ்துமஸ் முந்திய இரவைப் பற்றிய ஒரு கதை உண்டு. அந்தக் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கிடைப்பவை ஆரஞ்சும் கொட்டைப் பருப்புகளும்தான். விளையாட்டுப் பொருள் கேட்டால், குழந்தை இயேசுவுக்குப் பரிசு கொண்டுவந்த மூன்று ஞானியரின் திருநாளான ஜனவரி 6 வரை பொறுத்திருக்கச் சொல்வார்கள், அந்த நாளும் வந்து போய்விடும். இந்த முறை எப்படியாவது ஏதேனும் வாங்கித் தந்துவிட வேண்டும் என்று, வீட்டைவிட்டுத் தனியே வெளியே போகவே அஞ்சும் தாய் நகரத்துக் கடைக்குப் புறப்படுகிறாள். கூட்டத்தின் நெரிசலிலும் இரைச்சலிலும் மிரண்டு, பொருள்களைப் பையில் போட்டதும் பணம் கொடுக்காததும் தன் நினைவிலேயே இல்லாமல் வாசலைத் தாண்டிவிடுகிறாள். அங்கேயே திருடி என்று பிடிக்கப்படுகிறாள். பண்டிகைப் பரிசைப் பற்றி நான் படித்தவற்றுள் இந்தச் சில பக்கங்களுக்கு இணையாக வேறொன்றைச் சொல்ல என்னால் இயலாது. ஸ்பானிய மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒரே நூலாக ஆர்ட்டே புப்ளிக்கோ 1987-இல் வெளியிட்டது.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நல்ல நூலைத்தான் கொடுக்க வேண்டும்; அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த நூல்கள் நம் கண்ணில் படுகின்றன என்பதை நம் ரசனை மட்டும் முடிவு செய்வதில்லை. கடையின் முன்மேசையில் எவை அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அந்த மேசைக்கு வராத நல்ல நூல்களைத் தேடிப் போவது தரத்தை விட்டுக்கொடுப்பது ஆகாது.

வைகைக்கரை (பாஸ்டன்) – நவம்பர் 11

பதிப்பகக் கணக்குகளோடு சில ஆண்டுகள் பழகியவன் நான். ஆதரவு என்று பேசும்போது, நாம் கொடுக்கும் பணம் எழுத்தாளரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வழக்கமாக மென் அட்டைப் பதிப்புக்கு அட்டை விலையில் சுமார் 7.5 விழுக்காடும், கெட்டி அட்டைக்கு 10 முதல் 15 விழுக்காடு வரையும் ராயல்டி கிடைக்கும். அதாவது 16 டாலர் மென் அட்டை நூல் ஒன்று விற்றால் எழுத்தாளரின் கணக்கில் ஏறுவது ஏறத்தாழ 1 டாலர் 20 சென்ட். அதுவும், ஏற்கெனவே வாங்கிய முன்பணம் முழுவதும் கழிந்த பிறகே கைக்கு வரும். மிகுந்த தள்ளுபடியில் மொத்தமாக விற்கப்படும் பிரதிகளுக்குப் பல ஒப்பந்தங்களில் ராயல்டி இதைவிடக் குறைகிறது. பழைய புத்தகக் கடையில் வாங்கினால் எழுத்தாளருக்கு எதுவும் போவதில்லை.

அப்படியானால் ஒரு பிரதி வாங்கி என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். பயன் அந்த 1 டாலர் 20 சென்ட்டோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்கப் புத்தகக் கடைகள் விற்காத பிரதிகளைப் பதிப்பகத்துக்கே திருப்பி அனுப்பலாம். பண்டிகைக் காலத்துக்காக வாங்கி அடுக்கியவற்றில் மிஞ்சியவை அது முடிந்ததும் பெட்டி பெட்டியாகத் திரும்புகின்றன. திரும்பிய பிரதிகளின் எண்ணிக்கை எழுத்தாளரின் கணக்கில் கழிக்கப்படும். அடுத்த நூலுக்கு எவ்வளவு முன்பணம் கொடுப்பது, எத்தனை பிரதிகள் அச்சிடுவது என்று பதிப்பகம் பேசும்போது அதே எண்தான் மேசைக்கு வரும். ஆகவே நவம்பரிலும் டிசம்பரிலும் ஒரு கடையில் விற்றுப்போகும் மூன்று பிரதிகள் அந்தக் கடைக்காரரை மறுபடியும் ஆர்டர் போட வைக்கும். சிறு பதிப்பகத்தின் நூலுக்கு அந்த மறு ஆர்டர் மிகப் பெரிய செய்தி.

ஆகவே நான் செய்வது இதுதான்: முடிந்தால் பதிப்பகத்திடமே நேராக வாங்குகிறேன்; இல்லையேல் ஊரிலுள்ள தனிக் கடையில் பெயர் சொல்லி வரவழைக்கச் சொல்கிறேன். இணையத்தில்தான் வாங்க வேண்டும் என்றால் புக்‌ஷாப் டாட் ஆர்க் இருக்கிறது. 2020-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் நாம் ஒரு தனிக் கடையைத் தேர்ந்தெடுத்து வாங்கினால், அட்டை விலையில் 30 விழுக்காடு அந்தக் கடைக்குப் போகிறது. பழைய பிரதியை, அச்சில் இல்லாத நூலுக்கு மட்டுமே நாடுகிறேன்.

கோடைமழை (சிகாகோ) – நவம்பர் 12

அண்ணா, இந்தக் கணக்கை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. மிக்க நன்றி.

நான் குழந்தைகளுக்கான நூல்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். போன ஆண்டு டிசம்பரில் என் வீட்டருகே உள்ள ஒரு பெரிய கடைக்குப் போய் லத்தீனோ எழுத்தாளர்களின் படக்கதைகள் வேண்டும் என்று கேட்டேன். செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை வரும் ஹிஸ்பானிய மரபு மாதத்துக்காக ஒரு மேசை போட்டிருந்ததாகவும், மாதம் முடிந்ததும் அவற்றில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் அங்கிருந்த பெண் வருத்தத்தோடு சொன்னாள். மக்கள் பரிசு வாங்க வரும் மாதத்தில் அந்த நூல்கள் கடையில் இல்லை! வைகைக்கரை அண்ணன் சொன்ன பெட்டிகள் எவை என்று இப்போது புரிகிறது.

பூரா பெல்ப்ரே என்ற பெயரை நீங்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். போர்ட்டோரிக்கோவிலிருந்து வந்து 1921-இல் நியூயார்க் பொது நூலகத்தில் பணிக்குச் சேர்ந்தவர். அங்கே வேலை பார்த்த முதல் போர்ட்டோரிக்கப் பெண். தான் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த கதைகளில் ஒன்றுகூட நூலக அலமாரியில் இல்லாததைக் கண்டு, மார்ட்டினா என்னும் கரப்பான்பூச்சிக்கும் பெரேஸ் என்னும் எலிக்கும் நடக்கும் திருமணக் கதையைப் பிள்ளைகளுக்குத் தாமே சொல்லத் தொடங்கினார். அது 1932-இல் நூலானது. பொம்மைகளைச் செய்து ஆட்டிக் கதை சொன்னார். ஹார்லெமின் 115-ஆம் தெரு நூலகத்தில் மூன்று ஞானியர் திருநாளைக் கொண்டாட வைத்தார். அவர் பெயரில் 1996 முதல் லத்தீனோ எழுத்தாளர்கள், ஓவியர்களின் சிறுவர் நூல்களுக்கு ஒரு விருது வழங்கப்படுகிறது. சிறுவர் நூல் வாங்க நினைப்பவர்களுக்கு அந்த விருதுப் பட்டியலைவிட நல்ல வழிகாட்டியை நான் கண்டதில்லை.

என் மகளும் நானும் சேர்ந்து படித்தவற்றில் மூன்றைச் சொல்கிறேன். யூயி மொராலெஸின் ‘டிரீமர்ஸ்’, கைக்குழந்தையோடு மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு தாய், மொழி தெரியாத ஊரில் பொது நூலகத்தைக் கண்டடைவதைச் சொல்கிறது. அது ஆசிரியரின் சொந்தக் கதை. ஸ்பானியப் பதிப்பும் உண்டு. பாட் மோராவின் ‘தொமாஸ் அண்ட் தி லைப்ரரி லேடி’, ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன ரிவேராவின் சிறுவயதைப் பற்றியது. அயோவாவில் ஒரு நூலகர் அந்தக் கூலிக்காரச் சிறுவனுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்ததைப் படிக்கும்போது என் குரல் தழுதழுத்தது. மூன்றாவது, கேரி சோட்டோவின் ‘டூ மெனி தமாலேஸ்’. கிறிஸ்துமஸ் முந்திய நாளில் சோள மாவு பிசையும்போது அம்மாவின் வைர மோதிரத்தை ஆசையாக விரலில் மாட்டிக்கொண்ட சிறுமி, பிறகு அது மாவோடு மாவாகப் போய்விட்டது என்று அஞ்சி, வேகவைத்த தமாலேஸ் அத்தனையையும் உறவுப் பிள்ளைகளோடு சேர்ந்து தின்று தீர்க்கிறாள். கொழுக்கட்டைக்கு மாவு பிசைய வந்து உட்காரும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சமையலறை உடனே புரிந்துவிடும்.

குறிஞ்சிமலர் (டாலஸ்) – நவம்பர் 13

இங்கே எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் செய்த ஒரு தவற்றைச் சொன்னால் யாருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னோடு வேலை செய்யும் ஒரு தோழிக்கு, மெக்சிகோ எல்லையைக் கடந்து வந்து வயல்களில் உழைக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிய நாவலைப் பரிசளித்தேன். அவள் மகிழ்வாள் என்றே எண்ணினேன். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்; பிறகு, “இது என் கதை என்று நினைத்தாயா?” என்று மிகவும் மெதுவாகக் கேட்டாள். அவள் கியூபாவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவள், மயாமியில் பிறந்து வளர்ந்தவள், துப்பறியும் நாவல்களை விரும்பிப் படிப்பவள். இவை எல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும், அவள் பெயரைப் பார்த்து ஒரு நூலைத் தேர்ந்தெடுத்தேன்; அவளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. எனக்கு யாராவது, நீ இந்தியப் பெண் என்பதால் என்று சொல்லி, எந்த ஊரைப் பற்றியென்றே தெரியாத ஒரு நூலை நீட்டியிருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

தாமிரபரணி – நவம்பர் 13

குறிஞ்சிமலர், நீங்கள் இதை எழுதியதற்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன். இழையைத் தொடங்கும்போது நானே இதைச் சொல்லியிருக்க வேண்டும். மெக்சிகோ வழியினர், போர்ட்டோரிக்கர், கியூபர், டொமினிக்கர், சால்வடோரியர் ஆகியோரின் வரலாறுகள் வேறு வேறு. அவர்கள் அமெரிக்காவுக்கு வந்த வழிகளும் வேறு. டெக்சாஸின் சில குடும்பங்கள் வரவே இல்லை. அவர்கள் இருந்த நிலத்தின் மீது எல்லைக்கோடு நகர்ந்து போனது. போர்ட்டோரிக்கர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள்.

ஆகவே இந்த நூல்களை முதலில் நம்மவர்களுக்கே கொடுப்போம் என்பது என் எண்ணம். தன் வாழ்க்கையை ஒரு நூலில் பார்க்க வேண்டும் என்ற தேவை லத்தீனோ பிள்ளைக்கு இருக்கிறது; அதே அளவு தேவை, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் தோழியின் வாழ்க்கையைப் படிக்க வேண்டிய என் மகளுக்கும் இருக்கிறது. லத்தீனோ நண்பருக்குக் கொடுக்க விரும்பினால், அவர் என்ன படிப்பார் என்று கேட்டு, அதற்கேற்பக் கொடுக்கலாம். துப்பறியும் நாவல் எழுதும் லத்தீனோ எழுத்தாளர்களும் கவிஞர்களும் அறிவியல் புனைகதை எழுதுபவர்களும் இருக்கிறார்கள். டோனா பார்பா ஹிகேராவின் ‘தி லாஸ்ட் குவென்டிஸ்டா’, பூமியை விட்டு வேறொரு கோளுக்குச் செல்லும் ஒரு சிறுமியின் கதை. 2022-இல் அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது.

நெய்தல் – நவம்பர் 15

என் முதல் ஐயங்கள் தீர்ந்தன; பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். 2020-இல் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ‘அமெரிக்கன் டர்ட்’ நாவலைப் படித்தோம். எல்லையைக் கடந்து தப்பி ஓடும் ஒரு தாயையும் மகனையும் பற்றிய அந்த நூல் எங்களை உலுக்கியது. அதைப் பரிசளிப்பதும் இதே நோக்கத்தில் சேருமா?

ஏட்டுச்சுவடி – நவம்பர் 15

சேராது என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை நூலாசிரியர் மீதான வெறுப்பு எதுவும் இல்லாமல் சொல்கிறேன். எல்லையைக் கடந்தவரோ அதன் அருகே வளர்ந்தவரோ அல்லாத ஒருவர் எழுதிய அந்த நாவலுக்கு மிகப் பெரிய முன்பணமும், ஓப்ரா வின்ஃப்ரியின் வாசிப்பு மன்றத் தேர்வும், நாடு தழுவிய விளம்பரமும் கிடைத்தன. அதே எல்லையைப் பற்றி, அதைக் கடந்தவர்களும் அதன் அருகே வளர்ந்தவர்களும் பல ஆண்டுகளாக எழுதி வந்த நூல்களுக்கு அந்த வாய்ப்பில் சிறு பங்குகூடக் கிடைத்ததில்லை. அந்த நாவலின் மெக்சிகோ சித்திரிப்பில் உள்ள பிழைகளைச் சுட்டிக்காட்டி முதலில் எழுதியவர்களுள் ஒருவர் மிரியம் குர்பா. அவரும் டேவிட் பவுல்ஸ், ராபர்ட்டோ லோவாட்டோ ஆகியோரும் ‘டிக்னிதாத் லித்தெராரியா’ என்ற இயக்கத்தைத் தொடங்கினர். அவர்கள் அந்த நாவலை வெளியிட்ட பதிப்பகத்தின் தாய் நிறுவனமான மேக்மில்லனோடு 2020 பிப்ரவரியில் பேசி, லத்தீனோ எழுத்தாளர்களையும் பணியாளர்களையும் கூடுதலாகச் சேர்ப்பதாக உறுதி பெற்றனர்.

உங்கள் வட்டத்துக்கு அந்தக் கதை பிடித்திருந்தால், ஹாவியர் சமோராவின் ‘சோலிட்டோ’வைக் கொடுங்கள். 1999-இல், ஒன்பது வயதில், பெற்றோர் உடன் இல்லாமல் எல் சால்வடோரிலிருந்து அரிசோனா பாலைவனம் வழியாக வந்ததை அவரே சிறுவனின் கண்வழியே எழுதிய நூல் அது. வலேரியா லூயிசெல்லியின் ‘டெல் மீ ஹவ் இட் எண்ட்ஸ்’ மெலிந்த நூல். ஒரே மாலையில் படித்துவிடலாம். நியூயார்க்கின் குடியேற்ற நீதிமன்றத்தில் தனியே வந்த குழந்தைகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், அவர்களிடம் கேட்கப்படும் 40 கேள்விகளை வரிசையாக வைத்தே அதை எழுதியிருக்கிறார்.

வைகைக்கரை – நவம்பர் 16

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். சில்மார் பகுதியில் ‘தியா சுச்சா’ என்ற பண்பாட்டு மையமும் புத்தகக் கடையும் இருக்கின்றன. கவிஞர் லூயிஸ் ஜே. ரோட்ரிகஸும் அவர் குடும்பத்தாரும் தொடங்கியவை. அவர் அதே பெயரில் 1989 முதல் கவிதை நூல்களையும் பதிப்பித்து வருகிறார். சாண்டா ஆனாவில் ருபென் மார்ட்டினெஸ் என்ற முடிதிருத்துநர், முடிவெட்டிக்கொள்ளக் காத்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று தம் கடையில் சில நூல்களை வைத்தார். நாளடைவில் அது புத்தகக் கடையாகவே மாறியது. 2004-இல் அவருக்கு, சிறந்த பணி செய்வோருக்கு அமெரிக்காவில் அளிக்கப்படும் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. நம் ஊர் முடிதிருத்தும் கடைகளில் நாளிதழ் வாசித்தே உலகத்தை அறிந்த எனக்கு அந்த மனிதரை எப்போதும் பிடிக்கும்.

தாமிரபரணி – நவம்பர் 17

எங்கள் ஊரிலிருந்து புறப்பட்ட ஒரு பரிசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரிசோனா மாநிலம் 2010-இல் இயற்றிய ஒரு சட்டத்தின் விளைவாக, 2012 ஜனவரியில் டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிக அமெரிக்கப் பாடத்திட்டம் நிறுத்தப்பட்டது. ஏழு நூல்களை வகுப்பறைகளிலிருந்து எடுத்துப் பெட்டிகளில் கட்டிக் கிடங்குக்கு அனுப்பினார்கள். சில வகுப்புகளில் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. அந்தப் பாடத்திட்டத்தின் வாசிப்புப் பட்டியலில் ‘தி ஹவுஸ் ஆன் மாங்கோ ஸ்ட்ரீட்’டும் இருந்தது.

ஹூஸ்டன் எழுத்தாளர் டோனி டியாஸும் அவருடைய நண்பர்களும் தங்களுக்கு ‘லிப்ரோட்ராஃபிகான்தே’, அதாவது புத்தகக் கடத்தல்காரர்கள், என்று பெயர் வைத்துக்கொண்டு, அதே ஆண்டு மார்ச் மாதம் பேருந்தில் அந்த நூல்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். வழியில் சான் அன்டோனியோ, எல் பாசோ, ஆல்புகர்க்கி ஆகிய ஊர்களில் நிறுத்தி எழுத்தாளர்களைச் சந்தித்து, மேலும் நூல்களைச் சேர்த்துக்கொண்டு, டூசான் வரை சென்று பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள். பாடத்திட்டத்தை நிறுத்தியதன் பின்னே இனப் பகைமை இருந்தது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2017 ஆகிவிட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பள்ளியை முடித்து வெளியேறிய மாணவர்களுள் சிலரிடமேனும் அந்தப் பேருந்தில் வந்த ஒரு பிரதி இருந்திருக்கும். நான் நூல்களைப் பரிசளிக்கத் தொடங்கியது இந்தச் செய்தியைப் படித்த வாரத்தில்தான்.

நெய்தல் – நவம்பர் 19

எங்கள் ஊர்த் தனிக் கடையில் இன்று சொல்லிவைத்துவிட்டேன்: வாசிப்பு வட்டத்துக்கு ‘சோலிட்டோ’ நான்கு பிரதிகள், அண்ணன் பிள்ளைகளுக்கு ‘டூ மெனி தமாலேஸ்’, எனக்கென்று ரிவேராவின் இருமொழிப் பதிப்பு. ரிவேராவின் நூல் கடையில் இருப்பில் இல்லை. ஹூஸ்டனிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார் கடைக்காரர். இரண்டு பிரதிகளாக வரவழைத்து ஒன்றை அலமாரியில் வைப்பதாக அவரே சொன்னார். டிசம்பர் 10-க்குள் வந்துவிடும்.

குறிஞ்சிமலர் – நவம்பர் 19

என் தோழியிடம் இந்த முறை கேட்டுவிட்டேன். தனக்கு வேண்டாம், தன் அக்கா மகனுக்கு டைனோசர் புத்தகம் வேண்டும் என்றாள். ஜனவரி 6-ஆம் தேதி மாலை என்னைத் தன் வீட்டுக்கு அழைத்திருக்கிறாள்; அதற்குள் ஒன்றைத் தேடி வாங்க வேண்டும். கோடைமழை, நாலு வயதுப் பையனுக்கு ஏற்றது ஏதேனும் உங்கள் நினைவில் இருந்தால் சொல்லுங்கள்.